பல் மருத்துவப் பயமும் அரைமயக்கமும்: சென்னையிலிருந்து ஒரு மறுபார்வை

பல் மருத்துவரிடம் போகவே பயப்படுகிற ஒருவருக்கு என்ன செய்வது? வலி தெரியாமல் வேலையை முடித்துவிட்டால் பயம் தானே போய்விடும் என்பது பழைய பதில். மருந்து கொடுத்து மனத்தைத் தணித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்பது அடுத்து வந்த பதில். பயமே தனி நோய், அதற்குத்தான் முதலில் வைத்தியம் வேண்டும் என்பது மூன்றாவது. ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இந்த மூன்றும் மாறி மாறி முன்னுக்கு வந்துள்ளன. ஒன்று வந்ததால் மற்றொன்று மறைந்ததில்லை.

மயிலாப்பூர் லஸ், தியாகராய நகர் பாண்டி பஜார், அடையாறு லாட்டிஸ் பிரிட்ஜ் சாலை என்று தென் சென்னையின் எந்தக் கடைத்தெருவிலும் பல் கிளினிக்குகள் நெருக்கமாக இருக்கின்றன. 'வலியில்லாச் சிகிச்சை' என்பது அவற்றின் பலகைகளில் பழகிப்போன வாசகம். இப்போது சிரிப்பு வாயு, ரத்தநாளம் வழித் தணிப்பு மருந்து, முழு மயக்கம் ஆகியவையும் நோயாளிகள் முன் வைக்கப்படுகின்றன. இவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் பலவீனமானவை, நம் ஊர் கிளினிக்கின் சூழலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பயத்தை அளப்பது

பல் பயத்தை அளக்க 1969இல் அமெரிக்காவின் நார்மன் கோரா நான்கு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். மரத்துப்போக ஊசி போடுவது பற்றி அதில் கேள்வி இல்லை. பலரும் பயப்படுவதே ஊசிக்குத்தான் என்பதால், 1995இல் பிரிட்டனின் ஜெரி ஹம்ஃப்ரிஸ் குழுவினர் அதைச் சேர்த்து ஐந்து கேள்விகளாக்கினர். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, டிரில் வைக்கும்போது எப்படி, பல் சுத்தம் செய்யும்போது எப்படி, ஊசி போடும்போது எப்படி என்று அது கேட்கிறது. மொத்த மதிப்பெண் 5 முதல் 25 வரை. 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பயம் என்று கொள்வது வழக்கம். இதன் தமிழ் வடிவத்தின் நம்பகத்தன்மையைச் சென்னை ராமாபுரத்திலுள்ள எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து 2012இல் வெளியிட்டனர். ஆக, தமிழில் அளக்கும் கருவி நம் கையிலேயே இருக்கிறது. இரண்டே நிமிடத்தில் நிரப்பக்கூடிய அந்தத் தாளை வரவேற்பு மேசையில் வைத்திருக்கும் கிளினிக்குகள் மிகக் குறைவு. இந்தத் துறையில் எளிதாகச் சரிசெய்யக்கூடிய குறை இதுதான்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த ஒரு கணிப்பு, வயது வந்தோரில் 15.3 விழுக்காட்டினருக்குப் பல் பயம் உண்டு என்றும், 3.3 விழுக்காட்டினருக்கு அது மிகக் கடுமையானது என்றும் சொல்கிறது. ஊருக்கு ஊர் இது மாறலாம். கடும் பயம் உள்ளவர்கள் கிளினிக் வாசலையே மிதிப்பதில்லை என்பதால், நோயாளிகளிடம் மட்டும் எடுக்கும் கணக்குகள் உண்மையைக் குறைத்தே காட்டக்கூடும்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஓரளவு ஒப்புதல் உண்டு. சிறுவயதில் பட்ட வலி முதல் காரணம். வீட்டில் பெரியவர்கள் பயப்படுவதைப் பார்த்து வளர்வது இன்னொன்று. சாப்பிட மறுக்கும் குழந்தையை 'டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்' என்று மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஊசி தண்டனை என்ற எண்ணம் பல் முளைத்து முடிவதற்குள்ளேயே விதைக்கப்படுகிறது. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கையும் தலைமுறை தாண்டி வருகிறது. பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பது பார்வையைத் தொடுவதில்லை. முதுமையில் பல்லும் விழுகிறது, பார்வையும் மங்குகிறது. இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகத் தோன்றியிருக்கலாம்.

ஆனால் எல்லாப் பயத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களிடையே மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று பரவி, எட்டுப் பேர் இறந்தனர். மாசடைந்த சலைன் பாட்டில் அதற்கு மூலமாக இருந்ததாகப் பின்னர் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. இதைப் படித்துவிட்டுப் பயப்படுகிறவருக்குத் தணிப்பு மருந்து எந்த வகையிலும் பதிலாகாது. கருவிகள் எப்படிச் சுத்தம் செய்யப்படுகின்றன என்று காட்டுவதே அவருக்கான பதில்.

வலி போனால் பயம் போகுமா

மயக்க மருந்தின் வரலாறே பல் நாற்காலியில்தான் தொடங்குகிறது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைச் சுவாசித்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொல்லிப் பார்த்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் அவர் நடத்திய செயல்விளக்கத்தில் நோயாளி கத்திவிட்டதால் அவமானப்பட்டுத் திரும்பினார். 1846இல் அவருடைய பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு வென்றார். 1884இல் கோகெயினும், 1905 வாக்கில் நோவோகெயினும், 1940களின் இறுதியில் லிக்னோகெயினும் வந்தபின், நினைவோடு இருக்கும்போதே பல்லை மட்டும் மரத்துப்போகச் செய்வது எளிதாயிற்று. பயத்தின் வேர் வலிதான், வலி போய்விட்டதால் பயமும் போய்விடும் என்று அந்தத் தலைமுறை நம்பியது இயல்பே.

அந்த நம்பிக்கை முழுக்கப் பலிக்கவில்லை. லிக்னோகெயின் வந்து முக்கால் நூற்றாண்டு ஆன பின்னும் பயம் இருக்கிறது. அதற்கு உளவியல் காரணங்களைச் சொல்லும் முன், அதிகம் பேசப்படாத ஓர் உடலியல் காரணத்தைக் கவனிக்க வேண்டும். சொத்தை பல்லின் உள்ளேயுள்ள கூழ் வரை போய்ப் பல் கடுமையாக வலிக்கும் நிலையில், அழற்சி கண்ட திசு அமிலத்தன்மை அடைகிறது. நரம்புக்குள் ஊடுருவக்கூடிய வடிவில் இருக்கும் லிக்னோகெயினின் அளவு அந்தச் சூழலில் குறைந்துவிடுகிறது. நரம்பும் எளிதில் தூண்டப்படுவதாக மாறியிருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லில், தாடை நரம்புக்குச் சரியாக ஊசி போட்டும் உதடு மரத்துப்போய்ப் பல் மட்டும் மரத்துப்போகாமல் இருப்பதை ரூட் கெனால் செய்யும் எல்லா மருத்துவரும் பார்த்திருப்பார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பார்க்கலாம். பயந்தவர் தள்ளிப்போடுகிறார். கிராம்புத் தைலம் வைத்துச் சில வாரம் ஓட்டுகிறார். தூக்கம் கெட்ட பின்னரே வருகிறார். அப்போது ஊசி சரியாக வேலை செய்வதில்லை. பயந்தபடியே வலிக்கிறது. தம் பயம் நியாயமானது என்று அவர் வீடு திரும்புகிறார். ஸ்வீடனின் உல்ஃப் பெர்க்ரென் குழுவினர் 1984இல் விவரித்த பயமும் தவிர்ப்பும் சேர்ந்த சுழல், மருந்தியல் தளத்திலேயே இப்படி இறுகிவிடுகிறது. ஊசியில் உள்ள அட்ரினலின் சில நிமிடம் நெஞ்சைப் படபடக்க வைப்பதும் இதில் சேரும். அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், 'எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது' என்று ஒருவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். கூடுதல் ஊசிமுறைகள், ஆர்ட்டிகெயின் போன்ற மாற்று மருந்து, பல்லில் கை வைக்கும் முன் மரத்துவிட்டதா என்று குளிர் வைத்துச் சோதிப்பது ஆகியவற்றை முயலாமல் நேரடியாக மயக்கத்துக்குப் போவது படி தாண்டுவதாகும்.

மருந்தால் தணிப்பது

இரண்டாவது மரபின் முன்னோடிகளில் ஒருவர் நீல்ஸ் ஜோர்கென்சன். 1945இல் கலிபோர்னியாவில் அவர் பல் நோயாளிகளுக்கு ரத்தநாளம் வழியாகத் தணிப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார். டயஸபாம் 1963இல் சந்தைக்கு வந்தது. அதைவிட விரைவில் உடலைவிட்டு நீங்கும் மிடசோலம் அடுத்த பத்தாண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அரைமயக்கம் என்பது பெரும்பாலும் நைட்ரஸ் ஆக்சைடு அல்லது மிடசோலம். கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவு நினைவோடு, தாமாகவே மூச்சு விட்டுக்கொண்டு, கவலை மட்டும் தணிந்த நிலையே இதன் இலக்கு. வலியைத் தடுக்க மரத்துப்போக ஊசியை அப்போதும் போட்டே ஆக வேண்டும். இதைப் பல நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை.

நைட்ரஸ் ஆக்சைடின் பெரிய பலம் அது சில நிமிடத்தில் ஏறிச் சில நிமிடத்தில் இறங்கிவிடுவது. ஆக்சிஜன் 30 விழுக்காட்டுக்குக் கீழே போக முடியாதபடி பல் மருத்துவ இயந்திரங்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. மூக்கில் வைக்கும் மூடி வழியாகத்தான் வாயு போகிறது என்பதால், சளி பிடித்தவருக்கும் மூக்கில் எதையும் வைக்க விடாத குழந்தைக்கும் இது உதவாது. நம் ஊருக்கென்று ஒரு கவனிப்பும் தேவை. நைட்ரஸ் ஆக்சைடு உடலிலுள்ள வைட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்யும். மரக்கறி உணவு மட்டும் உண்ணும் குடும்பங்கள் நிறைந்த மயிலாப்பூர் போன்ற பகுதியில் பி12 குறைபாடு அரிதல்ல. ஒருமுறை குறுகிய நேரம் சுவாசிப்பது பெரும்பாலோருக்குத் தீங்காகாது. ஆனால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தாலோ, கை கால் மரமரப்பு ஏற்கெனவே இருந்தாலோ, முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது பொறுப்பான செயல்.

மிடசோலத்தின் ஈர்ப்பு மறதியில் இருக்கிறது. ஒரு மணி நேர வேலை நோயாளிக்குச் சில நிமிடம்போல் தோன்றும். பலருக்கு நினைவே இருக்காது. அதன் பலவீனமும் அதே மறதிதான் என்று மூன்றாவது சாரார் சொல்கிறார்கள். நினைவில் நிற்காத ஒரு நல்ல அனுபவத்திலிருந்து மனம் எப்படித் தைரியம் கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கேள்வி. மருத்துவ அளவில் கவலைக்குரியது மூச்சு. மிடசோலம் அளவு கூடினால், அல்லது வேறு வலி மருந்தோடு சேர்ந்தால், அரைமயக்கம் நோயாளியும் அறியாமல், சமயத்தில் மருத்துவரும் அறியாமல், ஆழ்மயக்கமாகிவிடும். முதியவர்களுக்கும், உடல் பருமனும் குறட்டையும் உள்ளவர்களுக்கும் இந்த எல்லை இன்னும் குறுகல். ரத்தநாளம் வழிக் கொடுக்கும்போது சிறிது சிறிதாக ஏற்றி நிறுத்தலாம். வாய்வழி கொடுத்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு கையில் இல்லை. முறிமருந்தான ஃப்ளுமசெனில் அறையில் இருக்க வேண்டும். ஆனால் அதன் வேலை மிடசோலத்துக்கு முன்பே முடிந்துவிடலாம் என்பதால், அதைக் கொடுத்ததும் நோயாளியை அனுப்பிவிடக் கூடாது.

பழைய மரணங்கள் கற்றுத்தந்தவை

லேசாகத்தான் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகாது என்ற வாதம் பழையது. 1888, 1889 ஆண்டுகளில் ஐதராபாத்தில் நிஜாம் அரசின் செலவில் குளோரோஃபார்ம் விசாரணைக் குழுக்கள் அமர்ந்தன. மூச்சைக் கவனித்தால் போதும், குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகத் தாக்காது என்பது அங்கிருந்த எட்வர்ட் லாரியின் உறுதியான நிலைப்பாடு. 1911இல் ஏ.ஜி. லெவியின் ஆய்வு, மென்மயக்கத்திலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று காட்டியது. குறைந்த அளவு என்பது தன்னளவில் பாதுகாப்பல்ல என்ற பாடம் அங்கே இருக்கிறது.

பிரிட்டன் அதே பாடத்தை மிக மெதுவாகக் கற்றது. அங்கே தெருமுனைப் பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுப்பது பல பத்தாண்டுகள் சாதாரண வழக்கம். மரணங்கள் தொடர்ந்தன. 1990இல் போஸ்வில்லோ அறிக்கை கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. கடைசியில் 2001 டிசம்பர் 31க்குப் பின் மருத்துவமனைக்கு வெளியே பல் சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுப்பதே நின்றது. அமெரிக்காவில் 2015இல் பல் எடுக்க ஆழ்மயக்கம் கொடுக்கப்பட்ட கேலப் சியர்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுவன் இறந்தபின் கலிபோர்னியாவில் சட்டம் மாறியது. பல்லைப் பார்ப்பவரும் மயக்கத்தைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாமா என்பதே அங்கும் எழுந்த கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவ, குழந்தைப் பல் மருத்துவ அமைப்புகளின் 2019 வழிகாட்டுதல், ஆழ்மயக்கத்துக்குத் தேர்ச்சி பெற்ற தனி ஆள் வேண்டும் என்கிறது. இதில் சமரசத்துக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன்.

பயத்துக்கே வைத்தியம்

மூன்றாவது மரபு, பயத்தைப் படிப்படியாகப் பழக்கி நீக்கலாம் என்கிறது. ஊசியைக் காட்டுவது, கையில் கொடுப்பது, வாயருகே கொண்டு செல்வது, நோயாளி கை தூக்கினால் நிச்சயம் நிறுத்துவது என்று அது நகரும். குழந்தைகளுக்குச் 'சொல், காட்டு, செய்' என்ற முறை 1959இலிருந்து பாடப்புத்தகங்களில் உண்டு. ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வுகளில், முழு மயக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களைவிட நடத்தைப் பயிற்சி பெற்றவர்களே அதிகம் பயம் குறைந்து, வழக்கமான பல் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள்.

ஜெர்மனியில் 2000இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே ஓர் உளவியல் அமர்வு பெற்றவர்களுக்கும் மிடசோலம் பெற்றவர்களுக்கும் சிகிச்சையன்று பயம் ஒன்றுபோலவே தணிந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சையைத் தொடர்ந்தவர்கள் உளவியல் குழுவில் 70 விழுக்காடு, மிடசோலம் குழுவில் 20, எதுவும் பெறாத குழுவில் 10. சிறிய ஆய்வுதான், ஐம்பது பேர் அளவில் நடந்தது. ஆனாலும் இந்தத் துறையின் நடுக்கேள்வியை அது தெளிவாக எடுத்து வைக்கிறது. அன்றைய வேலையை முடிப்பது ஒரு பயன். அடுத்த முறை தாமாக வரவைப்பது வேறு பயன். அரைமயக்கம் முதலாவதைத் தருகிறது. இரண்டாவதைத் தருவதற்குச் சான்று மெலிவாகவே உள்ளது.

இம்மரபின் பலவீனம் செலவும் நேரமும். இந்தச் சான்றுகளில் பெரும்பகுதி, பல் மருத்துவரும் உளவியலாளரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் வட ஐரோப்பிய மையங்களிலிருந்து வந்தவை. கடும் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர், மூன்று வயதுக் குழந்தை, பத்துப் பல்லும் அழுகிக் கன்னம் வீங்கி வந்தவர் ஆகியோருக்குப் படிப்படியான பழக்கம் என்பது நடைமுறையில் மறுப்பாகவே முடியும். அவர்களுக்கு முழு மயக்கம்கூட இரக்கமான வழியாக இருக்கலாம். குழந்தைகளைப் பொறுத்தவரை, வாய்வழி மிடசோலம் ஒத்துழைப்பைக் கூட்டுகிறது என்பதற்கு நடுத்தர அளவில் நம்பத்தக்க சான்று இருப்பதாக, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் 2018 காக்ரேன் மறுஆய்வு கூறுகிறது. அரைமயக்கமா, முழு மயக்கமா என்று ஒப்பிட்ட இன்னொரு காக்ரேன் மறுஆய்வுக்கோ, சேர்த்துக்கொள்ளத் தகுதியான ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. தினமும் பெற்றோர் எடுக்கும் ஒரு முடிவுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வெற்றிடம் இருப்பது வருந்தத்தக்கது.

மாடிப்படி ஏறும் கிளினிக்கில்

சென்னையில் பல் மருத்துவக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953இல் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சி. தனியார் கல்லூரிகள் நகரைச் சுற்றி இருக்கின்றன. ஆனால் தி. நகர், அடையாறு நோயாளி பார்ப்பது ஒன்றிரண்டு நாற்காலி கொண்ட கிளினிக்கை. அங்கே மயக்க மருந்து நிபுணர் நிரந்தரமாக இருப்பதில்லை. வேலை இருக்கும் நாளில் அழைத்தால் தம் பெட்டியோடு வருவார். இந்த ஏற்பாடு ஒரு வகையில் நல்லது. பல்லும் மயக்கமும் இரண்டு பேர் கையில் இருக்கின்றன. மறுபுறம், நோயாளியை நிபுணர் முதன்முதலில் பார்ப்பதே சிகிச்சையன்று காலையாக இருக்கலாம்.

இந்தியாவில் பல் மருத்துவத் தொழிலை நெறிப்படுத்தியது 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம். 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. அமெரிக்க மாநிலங்களில் ஒவ்வொரு தணிப்பு நிலைக்கும் தனி அனுமதி தேவை. அதுபோன்ற முறை நாடு தழுவி இங்கே இல்லை. தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் 2018 விதிகளும் பதிவையும் அடிப்படை வசதிகளையும் வலியுறுத்துகின்றன. எந்த ஆழம்வரை, யார், எந்தக் கருவிகளோடு கொடுக்கலாம் என்பது பெரும்பாலும் மருத்துவரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

ஆகவே கேட்பது நோயாளியின் பங்காகிறது. ஆக்சிஜன் அளவுமானி விரலில் மாட்டப்படுமா? மயக்கத்தைக் கவனிக்க மட்டும் ஓர் ஆள் உண்டா? மூச்சு தடுமாறினால் கொடுக்க ஆக்சிஜனும் பையும் முகமூடியும் அறையில் இருக்கின்றனவா? குறுகிய மாடிப்படி உள்ள கட்டடத்தில் 108 ஊழியர் ஸ்ட்ரெச்சரை எப்படி ஏற்றி இறக்குவர்? கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். மயிலாப்பூரின் பழைய கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு சிக்கல். ரத்தநாளம் வழி மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, காலை மாத்திரையை என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால், சர்க்கரை இறங்கிய நிலையில் அவர் நாற்காலியில் அமர்வார். மயக்கம் தெளிந்துவிட்டது என்று தாமே ஸ்கூட்டர் ஓட்டிப் போகவும் கூடாது. அன்று முழுக்க உடன் ஒருவர் வேண்டும். தனியாக வாழும் அடையாற்று முதியவருக்கு இந்தச் சின்ன நிபந்தனையே பெரிய தடை. வெளிநோயாளி பல் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை என்பதால், அரைமயக்கம் வசதி உள்ளவரின் உரிமையாகவே இருந்துவருகிறது. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவரின் பயம் அதனால் குறைந்த பயமாகிவிடாது.

இன்னும் தீராதவை

இப்போதுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், மிதமான பயத்துக்கு நன்றாக மரத்துப்போகச் செய்வதும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும், பேச நேரம் ஒதுக்குவதும் முதலில் வர வேண்டியவை என்பது ஓரளவு உறுதி. கடும் பயத்தில் அரைமயக்கம் தேவையான பாலமாகலாம். அப்படியானால் அன்றே அடுத்த வருகையைக் குறித்து, அதில் மருந்தைக் குறைத்துப் பார்க்கும் திட்டமும் வேண்டும். அந்த இரண்டாம் வருகையைத் திட்டமிடாத அரைமயக்கத்தைப் பாதிச் சிகிச்சை என்றே சொல்வேன்.

தீராதவை பல. மருந்தையும் உளவியல் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தால் மறதி பயிற்சியைக் கெடுக்குமா, அல்லது முதல் படியை எளிதாக்குமா என்பது தெளிவாகவில்லை. ஐரோப்பாவில் உளவியலாளர் செய்ததை, இங்கே பயிற்சி பெற்ற பல் சுகாதார உதவியாளர் தமிழில் செய்தால் அதே பலன் வருமா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மயக்கத்தில் சிகிச்சை பெற்ற சென்னைக் குழந்தைகள் பத்து ஆண்டு கழித்துப் பல் மருத்துவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கல்லூரி மருத்துவமனைகளின் பதிவேடுகளைத் தொடர்ந்தால் அறிய முடியும். கிளினிக்குகளில் மயக்கத்தின்போது நேரும் சிறு தடுமாற்றங்களைப் பெயர் வெளியிடாமல் பதிவுசெய்யும் ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் உருவானால், எவ்வளவு பாதுகாப்பு என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டு எண்களால் பதில் சொல்லத் தொடங்கலாம்.